கம்பிக்கா, பில்லுக்கா, சந்துக்கா?

எங்கள் சந்து தொடங்கும் இடத்தில் நிற்கும் மின்கம்பத்தில் கறுப்புக் கேபிள்கள் சுருள் சுருளாகத் தொங்குகின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அடியில் நின்று எண்ணினேன். மொத்தம் 17. ஒன்றுகூடச் சந்துக்குள் திரும்பவில்லை. எல்லாமே மெயின் ரோட்டு அடுக்குமாடிகளுக்குப் போகின்றன. பெங்களூரில் அல்சூர் ஏரிக்கும் மர்பி டவுனுக்கும் இடையில் இப்படிச் சந்துகள் பல உண்டு. மூன்று தலைமுறையாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழும் சந்துகள். வீடு என்றால் பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஓர் அறை, அதன் தலைமேல் எழுப்பிய இன்னோர் அறை, ஏறிப்போக இரும்பு ஏணி.

எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்கு ஒரு நிறுவனத்தின் சமூக நலநிதியிலிருந்து 3 லட்சம் ரூபாய் கிடைத்தது. படிக்கிற பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கு இணைய வசதி செய்து தர வேண்டும், பன்னிரண்டு மாதத்துக்குள் செலவழித்துக் கணக்குக் காட்ட வேண்டும் என்பது நிபந்தனை. வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்ததில் 60 வீடுகள் தேறின. விதிகளை எழுதித் தரும் வேலை என் தலையில் விழுந்தது. அரசாங்கங்கள் இதே வேலையைக் கோடிக்கணக்கான பணத்தை வைத்துக்கொண்டு செய்கின்றன. அவர்கள் பட்ட பாட்டைப் படித்துவிட்டு எழுதலாமே என்று உட்கார்ந்தேன். ஒரு வாரத்தில் முடியும் என்று நினைத்தது ஒன்றரை மாதத்தை விழுங்கிவிட்டது.

கூட்டத்தில் மூன்று யோசனைகள் வந்தன. பொருளாளர் அண்ணா தூரவாணி நகர் டெலிபோன் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருக்குக் கம்பியில்தான் நம்பிக்கை. "ஒரு கம்பெனியைக் கூப்பிட்டு மொத்தப் பணத்தையும் கொடுத்துச் சந்துக்குள் ஃபைபர் இழுக்கச் சொல்லிவிடுவோம், கம்பி இருந்தால் மற்றதெல்லாம் தானாக வரும்" என்றார். மகளிர் குழுவை நடத்தும் தையல் கடை அக்கா, வீட்டுக்கு வீடு மாதக் கட்டணத்தில் ஒரு பகுதியைக் கட்டிவிடலாம் என்றார். கல்லூரிப் பையன் ஒருவன், சந்தில் நான்கு இடங்களில் வைஃபை பெட்டி மாட்டிவிட்டால் 60 வீட்டுக்கும் போதும், செலவும் மூன்றில் ஒரு பங்குதான் என்றான். உலகத்தில் உள்ள பிராட்பேண்ட் மானியத் திட்டங்கள் பெரும்பாலும் இந்த மூன்றில் ஏதாவது ஒன்றாகத்தான் இருக்கின்றன. பணத்தைக் கம்பிக்குக் கொடுப்பதா, பில்லுக்குக் கொடுப்பதா, பொது இடத்துக்குக் கொடுப்பதா?

கம்பியை முதலில் பார்க்கலாம். அமெரிக்காவில் 2021-இல் நிறைவேற்றிய உள்கட்டமைப்புச் சட்டம் பிராட்பேண்ட் விரிவாக்கத்துக்காக 4,245 கோடி டாலர் ஒதுக்கியது. பணம் மாநிலங்களுக்குப் போகும். மாநிலங்கள் அதைக் கம்பி இழுக்கும் நிறுவனங்களுக்கு மானியமாகப் பிரித்துக் கொடுக்கும். முதலில் வகுத்த விதிகளின்படி, இணையத்திலிருந்து நமக்கு வரும் இறக்க வேகம் 25 எம்பிபிஎஸ் (நொடிக்கு 25 மெகாபிட்), நாம் அனுப்பும் ஏற்ற வேகம் 3 எம்பிபிஎஸ் கூடக் கிடைக்காத வீடு 'வசதி இல்லாதது'. இறக்கம் 100, ஏற்றம் 20 கிடைக்காத வீடு 'வசதி குறைந்தது'. இந்த இரண்டு வகை வீடுகளுக்குத்தான் மானியம். நிறுவனம் பொதுவாகத் தன் பங்காகச் செலவில் கால்வாசியைப் போட வேண்டும், நான்கு ஆண்டுக்குள் இணைப்புத் தர வேண்டும், குறைந்த கட்டணத் திட்டம் ஒன்றும் வைத்திருக்க வேண்டும்.

கேட்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் இதில் எல்லாமே 'வசதி இல்லாத வீடு எது' என்ற ஒரு கேள்வியில் தொங்குகிறது. அந்த நாட்டில் பல ஆண்டுகள் பயன்பட்ட பழைய வரைபடத்தில், ஒரு கணக்கெடுப்புத் தொகுதியில் ஒரே ஒரு வீட்டுக்கு இணைப்புத் தர முடிந்தாலும் தொகுதி முழுவதும் வசதி பெற்றதாகவே பதிவாகும். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கிடைக்கிறது, ஆகவே உங்களுக்கும் கிடைத்துவிட்டது என்ற கணக்கு! இதைச் சரிசெய்து வீட்டை வீடாகக் குறிக்கும் வரைபடம் 2022-இன் இறுதியில்தான் வெளிவந்தது.

இதைப் படித்தபோது எங்கள் மின்கம்பம்தான் கண்முன் வந்தது. எந்த வரைபடத்தை விரித்தாலும் எங்கள் சந்து 'வசதி பெற்றது'தான். நகரத்தின் நடுவில் இருக்கிறோம், வாசலில் 17 கேபிள் தொங்குகிறது, பின்கோடைத் தட்டினால் எல்லா நிறுவனமும் "உங்கள் பகுதியில் சேவை உண்டு" என்றே காட்டும். போன் செய்தால் ஆள் வருவார், சந்தை எட்டிப் பார்ப்பார், "ஃபீஸிபிலிட்டி இல்லை" என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்புவார். உள்ளே முப்பது மீட்டர் கம்பி இழுக்க ஆகும் கூலிக்கு வாடிக்கையாளர் தேறமாட்டார் என்பது அவருடைய கணக்கு. அதில் தப்பு சொல்லவும் முடியாது.

நம் நாட்டுச் சட்டத்திலும் இந்த ஓட்டை நெடுங்காலம் இருந்தது. 2002-இல் தொடங்கிய அனைவருக்குமான சேவை நிதி, ஊரகத்தையும் தொலைதூரப் பகுதிகளையும் மட்டுமே கணக்கில் எடுத்தது. தொலைபேசி நிறுவனங்களின் வருவாயில் ஒரு பங்கு அதில் சேர்ந்துகொண்டே இருந்தது. நகரத்துச் சந்துக்கு அதில் இடமில்லை. 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் அந்த நிதிக்கு டிஜிட்டல் பாரத் நிதி என்று பெயர் மாற்றியது. கூடவே, வசதி குறைந்த ஊரக, தொலைதூர, நகர்ப்புறப் பகுதிகள் என்று எழுதியது. 'நகர்ப்புற' என்ற அந்த ஒரு சொல் சட்டத்துக்குள் வர இருபது ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. பொருளாளர் அண்ணாவிடம் இதைச் சொன்னபோது, "அந்தக் காலத்தில் போனுக்குப் பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருப்பார்கள், இப்போது சொல்லுக்கே காத்திருக்க வேண்டியிருக்கிறதா?" என்று சிரித்தார்.

கம்பிக்கு மானியம் தருவதில் இன்னொரு சிக்கல், பணத்தை எப்போது தருவது என்பது. 2020-இல் அமெரிக்காவில் நடந்த ஊரக ஏலத்தில் பத்தாண்டுகளுக்குச் சுமார் 920 கோடி டாலர் மானியம் தருவதாக முடிவானது. ஏலம் எடுத்தவர்களில் பலர் பிறகு பின்வாங்கினார்கள்; சிலர் சொன்னபடி செய்ய மாட்டார்கள் என்று அந்த நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணையமே நிராகரித்தது. அந்த ஊர்களோ 'மானியம் ஒதுக்கியாயிற்று' என்ற பட்டியலில் மாட்டிக்கொண்டு வேறு திட்டங்களையும் இழந்து நின்றன. எங்களிடம் வந்த கேபிள்காரர் 1,40,000 ரூபாய் கேட்டார், பாதியை முன்பணமாக. எழுதித் தரச் சொன்னோம். வந்த தாளில் 'சந்து முழுவதும் ஃபைபர் வசதி' என்று இருந்தது. எத்தனை வீட்டுக்குள் கம்பி நுழையும், என்ன வேகம், பழுதானால் எத்தனை நாளில் ஆள் வருவார் என்பது எதுவும் இல்லை. மழைக்காலத்தில் கம்பத்துக் கேபிள்களை ஆட்கள் வந்து வெட்டி எறிந்துவிட்டுப் போவது இந்த ஊரில் வழக்கமாக நடப்பது. வெட்டினால் யார் திரும்ப இழுப்பது என்பதும் இல்லை. கம்பி இழுத்த அன்றே அவருடைய வேலை முடிந்துவிடும், எங்களுடையது அன்றுதான் தொடங்கும். அண்ணாவுக்கு வருத்தம்தான். ஆனால் அந்தத் தாளை அவரே மடித்து வைத்துவிட்டார்.

கல்லூரிப் பையனின் வைஃபை யோசனை கணக்கில் அழகாக இருந்தது. மாதம் 999 ரூபாய்த் திட்டம், 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 1,179. நான்கு இணைப்பு, பன்னிரண்டு மாதம்: ஏறக்குறைய 56,600. பெட்டிகளுக்கு 40,000. ஒரு லட்சத்துக்குள் முடிந்துவிடும். வீட்டுத் திட்டத்தை வாங்கி ஊருக்குப் பிரித்துத் தரக் கூடாது என்பதால் பிஎம்-வாணி வழியாகப் போக வேண்டும். 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த திட்டம் அது. பெட்டிக்கடைக்காரரும் உரிமமோ கட்டணமோ இல்லாமல் வைஃபை விற்கலாம். அதில் ஒரு நெருடல் இருந்தது. இப்படி விற்பவர்களிடம் சில நிறுவனங்கள் அலுவலகங்களுக்கான உயர்ந்த விலையைக் கேட்டன. 2025 ஜூனில், நம் நாட்டின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் ஆணை போட்டு, 200 எம்பிபிஎஸ் வரை வீட்டுக் கட்டணத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் வாங்கக் கூடாது என்றது. ஆக, மேலே சொன்ன 56,600 என்பது ஒரு லட்சத்துப் பதின்மூன்றாயிரம் வரை போகலாம். அப்போதும், மாதக் கட்டணத்தையும் சேர்த்துப் பார்த்தால், மூன்றில் இதுதான் மலிவு.

மலிவுதான், ஆனால் எங்கே உட்கார்ந்து படிப்பது? டெல்லி அரசு 2019-இல் இலவச வைஃபை திட்டத்தைத் தொடங்கியபோது 11,000 இடங்கள் என்று அறிவித்தது. அதில் 4,000 பஸ் நிறுத்தங்கள். ஒருவருக்கு மாதம் 15 ஜிபி. பஸ்ஸுக்காகக் காத்திருப்பவருக்கு அது நல்ல உதவி. பியூசி இரண்டாம் ஆண்டு, அதாவது பிளஸ் டூ, படிக்கும் பெண்ணுக்கு? எங்கள் சந்தில் அப்படி ஒரு பெண் இருக்கிறாள். இரவு எட்டரைக்கு அப்பா வேலை முடிந்து வந்த பிறகுதான் வீட்டின் ஒரே ஸ்மார்ட் போன் அவள் கைக்கு வரும். சிக்னல் சரியாகக் கிடைப்பது ஏணியின் நடுப்படியில். மடியில் நோட்டு, முழங்காலில் போன், மேலேயும் கீழேயும் போகிறவர்களுக்காக நிமிடத்துக்கு ஒருமுறை காலை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். தெருமுனையில் வைஃபை மாட்டினால் அவள் ஏணியிலிருந்து தெருமுனைக்கு இடம் மாறுவாள், அவ்வளவுதான். பையன்கள் கூடும் இடத்தில் இரவு ஒன்பது மணிக்கு எந்த அம்மா அனுப்புவார்? காங்கிரீட் சுவரைத் தாண்டிப் பின்வரிசை வீடுகளுக்குள் அலை போகவும் போகாது. கல்லூரிப் பையனே தன் போனைக் கையில் வைத்துக்கொண்டு நடந்து பார்த்தான். ஐந்தாவது வீட்டில் கோடுகள் ஒன்றாகக் குறைந்தன.

அக்கா அன்று சொன்னதுதான் என் மனத்தில் முடிவைத் தீர்மானித்தது. "நெட் எல்லாருடைய போனிலும் இருக்கிறது தம்பி. போன்தான் வீட்டில் இல்லை. அது வீட்டுக்காரர் சட்டைப்பையில் வேலைக்குப் போய்விடுகிறது" என்றார். வீட்டு இணைப்பு என்ற சொல்லில் கனம் முழுவதும் 'வீட்டு' என்ற பாதியில் இருக்கிறது.

எனவே பில். இதற்குக் கர்நாடகத்திலேயே நல்ல முன்மாதிரிகள் உண்டு, அமெரிக்கா வரை போக வேண்டாம். 2023-இல் வந்த கிருஹலட்சுமி, குடும்பத் தலைவியின் கணக்கில் மாதம் 2,000 ரூபாய் போடுகிறது. கிருஹ ஜோதி 200 யூனிட் வரை மின்கட்டணத்தைப் பில்லிலேயே கழித்துவிடுகிறது. ஒன்று கையில் தருவது, மற்றது பில்லில் தருவது. மாதக் கட்டணத்துக்கான உதவியைக் கையில் கொடுத்தால் அது அரிசிக்கும் மருந்துக்கும் போகும். போவதில் குற்றமும் இல்லை, ஆனால் எங்கள் நிபந்தனை இணையம் என்கிறது. பில்லில் கழித்தால் அந்தப் பேச்சே எழாது. கிருஹ ஜோதியில் எனக்குப் பிடித்த இன்னொன்று, வாடகைக்கு இருப்பவருக்கும் அது கிடைக்கிறது என்பது.

2021-இல் டிராயும் இதே திசையில் ஒரு பரிந்துரை செய்தது. கம்பிவழி பிராட்பேண்டின் மாதக் கட்டணத்தில் பாதியை, 200 ரூபாய்க்கு மேற்போகாமல், சோதனை முயற்சியாக நேரடியாகத் திருப்பித் தரலாம் என்றது. ஆனால் ஊரகச் சந்தாதாரர்களுக்கு மட்டும்! மறுபடியும் அதே கதை. அமெரிக்காவில் பில்லுக்கு உதவும் திட்டம் ஒன்று மிகப் பெரிதாக நடந்தது: மாதம் 30 டாலர் தள்ளுபடி, சுமார் 2.3 கோடிக் குடும்பங்கள். உணவு உதவி, மருத்துவ உதவி போன்ற ஏதாவது ஒரு திட்டத்தில் ஏற்கெனவே இருந்தால் போதும், தகுதி உண்டு. புதிதாக ஏழை என்று நிரூபிக்க வேண்டியதில்லை. அதில் நான் கற்றுக்கொண்டது இரண்டு. ஒன்று இந்தத் தகுதி விதி. மற்றது அதன் முடிவு. பணம் தீர்ந்தது, 2024 பிப்ரவரியில் புதிய ஆட்களைச் சேர்ப்பதை நிறுத்தினார்கள், ஜூன் 1-இல் திட்டமே நின்றது. 30 டாலர் தள்ளுபடிக்குப் பழகிய குடும்பத்துக்கு அடுத்த மாதம் முழு பில்.

அண்டை மாநிலங்கள் எடுத்த நான்காவது வழியும் ஒன்று இருக்கிறது. அரசே கம்பி இழுத்து அரசே விலை வைப்பது. ஆந்திரம் 149 ரூபாய்க்கு இணையமும் டிவியும் தொலைபேசியும் சேர்த்துத் தருவதாக இறங்கியது. கேரளம் 2023 ஜூனில் கே-ஃபோனைத் தொடங்கி, 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு என்பதை இலக்காக வைத்து, முதல் கட்டமாகச் சட்டமன்றத் தொகுதிக்கு 100 வீடு என்று 140 தொகுதிகளுக்கு 14,000 வீடுகளைக் கணக்கிட்டது. தொகுதிக்கு நூறு என்பது சட்டமன்றத்துக்குச் சமநீதி. குடும்பங்களுக்கு அப்படியா என்பது வேறு. எப்படியானாலும் 3 லட்சம் ரூபாய் வைத்திருக்கும் சங்கத்துக்கு இது வழியல்ல.

இனி எங்கள் கணக்கு. 30 எம்பிபிஎஸ் வேகத்தில் 399 ரூபாய்த் திட்டம், ஜிஎஸ்டி சேர்த்து 471. முழுவதையும் நாங்களே கட்டினால் ஆண்டுக்கு வீட்டுக்கு 5,650. 3 லட்சத்தில் 53 வீடுதான் முடியும். ஏழு வீட்டை விட்டுவிட எந்த விதியை எழுதினாலும் சந்தில் சண்டை வரும். குடும்பம் மாதம் 100 ரூபாய் போட்டால் நாங்கள் கட்ட வேண்டியது 371. அறுபது வீட்டுக்கும் பன்னிரண்டு மாதத்துக்கு 2,67,120. கையில் 32,880 மிஞ்சும். நூறு ரூபாய் கட்டுகிறவர், நெட் வரவில்லை என்றால் மறுநாளே சண்டைக்கு வருவார். அந்தச் சண்டை எங்களுக்கு வேண்டும். இலவசமாக வந்ததைப் பற்றி யாரும் புகார் சொல்லமாட்டார்கள். அறுபது உறுதியான வாடிக்கையாளர்கள் என்றதும் இன்னொன்றும் நடந்தது. முன்பு எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிய நிறுவனங்களில் இரண்டு, உள்ளே கம்பி இழுப்பதைத் தங்கள் செலவிலேயே செய்வதாகச் சொல்லின. பில்லுக்கு உத்தரவாதம் கொடுத்தால் கம்பி தானாக வருகிறது. அண்ணா சொன்னதன் தலைகீழ்.

விதிகளில் அதிக நேரம் எடுத்தது தகுதிதான். முதல் வரைவில் வாடகை ஒப்பந்தம், ஆதார் முகவரி, வீட்டு உரிமையாளரின் சம்மதக் கடிதம் என்று மூன்று தாள் கேட்டிருந்தேன். அக்கா அதைப் பார்த்துவிட்டு, "இந்த மூன்றும் சரியாக இருக்கும் ஒரு வீட்டைக் காட்டு" என்றார். பாதிப் பேர் மாத வாடகைக்குப் பதில் மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்து லீஸுக்கு இருக்கிறார்கள், கைமாறிய பணத்துக்குச் சாட்சி ஒரு டைரிப் பக்கம். ஆதாரில் கிருஷ்ணகிரி முகவரியும் திருவண்ணாமலை முகவரியும் இருக்கின்றன. ஒரு தாள் போதும் என்று முடிவாயிற்று: பிபிஎல் ரேஷன் கார்டு, அல்லது பிள்ளையின் பள்ளி, கல்லூரி அடையாள அட்டை. யார் வீட்டில் யார் இருக்கிறார் என்பது எங்கள் சந்தில் எல்லோருக்கும் தெரியும்.

வேகத்தை எண்ணாகவே எழுதினோம். நம் நாட்டில் 2023 முதல் 2 எம்பிபிஎஸ் இருந்தாலே அது பிராட்பேண்ட். அதற்கு முன்பு 512 கேபிபிஎஸ். 'பிராட்பேண்ட் தர வேண்டும்' என்று மட்டும் எழுதியிருந்தால் 2 எம்பிபிஎஸ் தந்துவிட்டு நிறுவனம் சிரித்துக்கொண்டிருக்கும். பணத்தை மாத முடிவில்தான் கட்டுவோம், நிறுவனத்திடம் நேரடியாக. சேர்ந்தாற்போல மூன்று நாள் இணைப்பு இல்லாத வீட்டுக்கு அந்த மாதம் எங்கள் பங்கு கிடையாது. எந்த நிறுவனம் என்பதைக் குடும்பமே தேர்ந்தெடுக்கும். முடிவுத் தேதியை விண்ணப்பத்தின் முதல் வரியிலேயே கொட்டை எழுத்தில் போட்டோம். கடைசி மூன்று மாதம் குடும்பத்தின் பங்கு 200, 300, 400 என்று ஏறும். பதின்மூன்றாவது மாதம் 471 திடீரென்று தலையில் விழாது. இந்த ஏற்றத்தை அண்ணா கடைசிவரை எதிர்த்தார், பிள்ளைகளுக்குத் தேர்வு வருகிற மாதங்கள் அவை என்று. அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. அதனால் தேர்வு எழுதும் பிள்ளை உள்ள வீட்டுக்கு மட்டும் ஏற்றம் இல்லை என்று ஓரத்தில் கையாலேயே சேர்த்தார். மேலே போட்ட கணக்கில் எல்லா மாதமும் 100 ரூபாய் என்றே எடுத்திருந்ததால் அதற்குப் பணம் இடிக்காது.

மிஞ்சும் 32,880-ஐ அவசரச் செலவுக்கு என்று வைத்திருந்தோம். கம்பி இழுக்க வந்தவர் முதல் நாளே கேட்டார், ரவுட்டரை எங்கே சொருகுவது என்று. பார்த்தால் 11 வீடுகளில் ஒரே ஒரு பிளக் பாயிண்ட். பகலில் மிக்ஸி, இரவில் போன் சார்ஜர். பதினொரு எக்ஸ்டென்ஷன் பெட்டிகளுக்கு அண்ணா செவ்வாய்க்கிழமை சிவாஜி நகர் போய் வருகிறார்.